நியூட்ரல்

அரியாங்குப்பம் பாலம் தாண்டி இடப்பக்கம்,
ஐஸ் கம்பெனியை ஒட்டினாற்போல் என் பட்டறை.
புதன்கிழமை காலை
ஒரு பேருந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.
சிப்காட்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கிய வண்டி.
இப்போது ஜன்னலில் பூப்போட்ட திரை,
கூரையில் தண்ணீர் டேங்க்,
உள்ளிருந்து தாளித்த வாசனை.

"வீட்டை வித்துட்டோம்" என்றார் கலிவரதன்.
"இனிமே இதுதான் வீடு.
பின்னால இந்த ஆல்ட்டோவக் கட்டிக்கிட்டுப் போவணும்.
கொத்தமல்லி வாங்க
வீட்டையா ஓட்டிக்கிட்டுப் போறது?"
அமலோர்பவம் அம்மாள் காரைவிட்டு இறங்கவில்லை.
ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையும் இருந்தன.

கயிறு இழுக்கும், நிறுத்தாது.
முன்வண்டி பிரேக் போட்டால் கயிறு தொய்ந்துவிடும்,
கார் நேராக வந்து முட்டும்.
ஆகவே இரும்பு.
முக்கோணமாய் விரியும் இரண்டு கை,
அது பிடித்துக்கொள்ள, பம்பரைக் கழற்றி
சேசிஸ் வரைக்கும் போய் உட்காரும் ஒரு தட்டு.
பம்பரிலேயே மாட்டினால்
பம்பர் மட்டும்தான் ஊர் போய்ச் சேரும்.
பேருந்துப் பக்கம் ஒரு குண்டு, குண்டின் மேல் கிண்ணம்,
கிண்ணத்துக்கு ஒரு பின், பின் நழுவாமல் கிளிப்.
அப்புறம் சங்கிலி இரண்டு,
பெருக்கல் குறி மாதிரி, குறுக்காக.

"இரும்பு விட்டுடுமா?"
அந்த அம்மாள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.
"விடாதும்மா. ஆனாலும் போட்டாவணும்."

விளக்குக்கு முதுநகரிலிருந்து ஜெயினுலாபுதீன் வந்தார்.
முன்னால் மிதித்தால் பின்னால் சிவக்க வேண்டும்.
சிவந்தது.
இடது இண்டிகேட்டர் போட்டால் வலது மின்னியது.
பல்லால் வயரைச் சீவி மாற்றி முறுக்கினார்,
தேநீருக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார்.

பிரேக்தான் என்னைப் படுத்தியது.
கார் முன்னால் நெருக்கினால்
கேபிள் இழுபட்டு அதன் பெடல் தானே அமுங்க வேண்டும்.
இரண்டு நாள். ஒன்றரை நாளை ஸ்பிரிங் தின்றது.

வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம்.
கியர் நியூட்ரல். ஹேண்ட் பிரேக் விடுதலை.
சாவி ஒரு படி திரும்பியிருக்கட்டும்,
இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.
"சக்கரம் ஓடும், மீட்டர் ஓடாது" என்றேன்.
"அப்ப ஓடினது யார் கணக்குல?"
அவர் என்னைக் கேட்டாரா, புருஷனையா, தெரியவில்லை.

முள்ளோடை செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள்.
"பின் வண்டிக்கு டிரைவர் எங்க?"
"இல்லீங்க."
"இல்லாம எப்படி வருது?"
நான்கு கதவையும் திறந்து, சீட்டுக்கடியில் டார்ச் அடித்து,
பாட்டில் ஒன்றும் கிடைக்காத வருத்தத்தோடு அனுப்பினார்கள்.

கடலூரில்தான் வினை.
தேவனாம்பட்டினத்தில் கலிவரதன் தவறித் திரும்பிய தெருவை
ஒரு காதுகுத்துப் பந்தல் முழுசாய் மூடியிருந்தது.
"ரிவர்ஸ் எடுக்கறேன்."
"எடுக்காதீங்க!" கத்தினேன்.
இதில் எல்லாம் உண்டு, பின்னால் போவது மட்டும் கிடையாது.
ஒரு முழம் நகர்ந்ததற்கே
காரின் முன்சக்கரம் கோணிக்கொண்டு நின்றது.

பந்தலில் சோறு பாதியில் நின்றது.
ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.
கலிவரதன் என்னைத் திட்டினார், பந்தலைத் திட்டினார்,
வீட்டை விற்ற புரோக்கரையும் ஒருமுறை.

அமலோர்பவம் அம்மாள் இறங்கினார்.
கிளிப், பின், சங்கிலி, வயர்.
நான் சொல்லித்தரவே இல்லை,
இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
பின் இறுகியிருந்தது;
பந்தற்காரனிடம் சுத்தி வாங்கித் தட்டினார்.
கார் இரண்டாவது தடவையில் ஸ்டார்ட் ஆனது.
ஒரே மூச்சில் பின்னால் போய் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு
நடந்து வந்து பேருந்தின் முதுகைத் தட்டினார்:
"வரட்டும். வரட்டும். லெஃப்ட்ல ஒடி. வரட்டும்."

திரும்பிப் போகும்போது யாரும் மறுபடி மாட்டச் சொல்லவில்லை.
கார் முன்னால் போனது.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
அதன் பிரேக் லைட் சிவந்தபோதெல்லாம்
கலிவரதனின் கால் தானாக மிதித்தது.
வயர் ஒன்றும் இல்லை நடுவில்.

நான் பக்கத்து சீட்டில்.
மடியில் இரும்புக் கை இரண்டும்,
பதினெட்டுக் கிலோ,
வெயில் பட்ட சூடு இன்னும் ஆறாமல்.